பாகு வாசம்

பிள்ளை இன்னும் எழுந்திருக்கவில்லை. தூங்கட்டும் என்றுதான் சண்முகக்கனி முதலில் நினைத்தான். சாப்பிட்டுப் படுத்த பிள்ளை, சித்திரை வெயில், தலைக்கு மேலே காற்றாடி, தூங்காமல் என்ன செய்யும். அப்புறம்தான் சாப்பிட்டுப் படுத்ததா என்ற யோசனை வந்தது. எங்கே சாப்பிட்டாள். ரெண்டு வாய் வாங்கினாள், மூன்றாவதைப் பாயில் துப்பினாள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவனும் விட்டுவிட்டான். ஜெயராணியாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள். மடியில் போட்டு, கன்னத்தை நிமிண்டி, காக்காயைக் காட்டி, காக்காய் இல்லாவிட்டால் தானே காக்காயாகக் கத்தி, எப்படியாவது உள்ளே தள்ளியிருப்பாள். இவனுக்குக் காக்காயாகக் கத்த வராது. மனுஷனாகப் பேசுவதே பெரும்பாடு. நேற்று ராத்திரி பிள்ளைக்கு லேசாக மூக்கு ஒழுகியது. அது ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் ஒழுகுவதுதான், ஆனால் இது எல்லாப் பிள்ளை இல்லை. பொன்மாரிக்கு நாலு வயசு. பருப்பு ஆகாது, பால் ஆகாது, முட்டை ஆகாது, கறி மீன் ஆகாது. சத்து சத்து என்று ஊர் உலகம் ஊட்டுகிறதெல்லாம் அவளுக்கு விஷம். அந்தச் சத்தை உடைத்துச் செரிக்கிற ஏதோ ஒன்று பிறவியிலேயே அவள் உடம்பில் கிடையாது. உடையாதது ரத்தத்தில் தேங்கும், தேங்கி மூளைக்கு ஏறும். தின்னாமல் பட்டினி கிடந்தாலும் ஏறும், காய்ச்சல் கண்டாலும் ஏறும். ஏறினால் முதலில் தூக்கம், பிறகு தள்ளாட்டம், வாந்தி, பிறகு. அந்தப் பிறகுக்கு மேலே அவன் போக மாட்டான். போய்ப் பார்த்திருக்கிறான் ஒருமுறை. நெற்றியில் கை வைத்தான். சூடு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பாகு காய்ச்சுகிற கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று காய்ந்த கை. அதற்குச் சூடு எது, சூடு இல்லாதது எது.

காலையில் ஜெயராணி மோந்து பார்த்துவிட்டுத்தான் போனாள். தினமும் மோந்து பார்ப்பாள். காது மடலுக்குப் பின்னால் ஒரு தடவை, ராத்திரி நனைத்த துணியை ஒரு தடவை. கண்ணை மூடிக்கொண்டு இழுப்பாள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அசையக் கூடாது. ஒன்றுமில்லை அத்தான் என்பாள். அந்த ஒன்றுமில்லைதான் வீட்டுக்கு விடியற்காலை. ஏனென்றால் அது மேலே ஏறும்போது பிள்ளையின் மூத்திரத்தில், வேர்வையில், காதுக் குறும்பியில்கூட ஒரு வாசம் வரும். காய்ச்சின பாகு வாசம். மதுரை டாக்டரம்மா முதல் முதலில் சொன்னபோது, வெளிநாட்டில் ஏதோ மரமாம், அந்த மரத்துப் பாலைக் காய்ச்சின பாகு மணக்குமாம், அது மாதிரி என்றாள். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா வெல்லப்பாகுன்னு வச்சுக்குங்க என்றாள். நீங்க என்ன தொழில் பண்றீங்க என்று கேட்டாள். கடலைமிட்டாய் என்றான். பாகு காய்ச்சுறவன் என்றான். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று அப்போது அவனுக்கு எரிச்சலாக வந்தது. கோவில்பட்டியில் பாதிப் பேர் கடலைமிட்டாய்தான், இதில் பார்க்க என்ன இருக்கிறது. இப்போது தெரியும் எதற்குப் பார்த்தாள் என்று. இருபது வருஷமாகப் பாகு வாசத்துக்குள்ளேயே நிற்கிறவனுக்குப் பாகு வாசம் தெரியாது. மற்ற எல்லாம் தெரியும். சாக்கடை தெரியும், மல்லிகை தெரியும், கருவாடு ரெண்டு தெருவுக்கு முன்னாலேயே தெரியும். பாகுக்கு மட்டும் மூக்கு கல். பதம் பார்க்கிறதுகூட மூக்கால் இல்லை. கண்ணால் நுரையைப் பார்ப்பான், கரண்டியிலிருந்து விழுகிற கம்பியைப் பார்ப்பான், தண்ணீரில் சொட்டுப் போட்டு எடுத்துக் கொப்பரை விளிம்பில் தட்டிக் காதால் கேட்பான். மூக்குக்கு அங்கே வேலையே இல்லை. வேலை இல்லாதது செத்துப்போகும். அவன் மூக்கு அந்த ஒரு வாசத்துக்குச் செத்துப்போயிற்று.

அதனால்தான் வீட்டை மாற்றினார்கள். முதலில் இருந்தது மிட்டாய்ப் பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு சுவர் தள்ளி. இப்போது ஊருக்கு இந்தக் கோடியில், ரயில் பாதைக்கு இந்தப்பக்கம், காற்று எப்படி அடித்தாலும் பட்டறை வாசம் எட்டாத தெரு. ஜெயராணிதான் அலைந்து பிடித்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மோந்து பார்த்தாள். பைத்தியம் என்றார்கள். இந்த வீட்டில் வெல்லம் கிடையாது, வெந்தயம் கிடையாது, அதுவும் ஏறக்குறைய அதே வாசமாம். ஊதுபத்தி கிடையாது, முகத்துக்குப் பவுடர் கிடையாது, தலைக்குப் பூ கிடையாது. வேலை முடிந்து வருகிறவன் கொல்லைக் குழாயடியில் சட்டையைக் கழற்றி வாளியில் முக்கிவிட்டு, சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொடலாம். கலியாண வீடு மாதிரி மணக்க வேண்டிய வயசில் அவள் ஒரு வாசமும் இல்லாமல் திரிகிறாள், தன் மூக்கைக் கண்ணாடி மாதிரி துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு. நாலு வருஷமாக ஒரு விசேஷத்துக்குப் போனதில்லை. கயத்தாற்றில் அவள் அக்கா மகளுக்குச் சடங்கு என்று சேதி வந்தபோது, நான் போகலை அத்தான் என்றாள். போயிட்டு வா என்றான். நீ சித்தி, நீ போகலைன்னா பேச்சாயிரும் என்றான். அவள் இல்லை இல்லை என்றாள். இவன்தான், ஒரு பகல்தானே, நான் என்ன பிள்ளையை முழுங்கியா போடுவேன் என்று எரிந்து விழுந்து அனுப்பினான். அனுப்பினது அவன்தான். அதை மறக்க வேண்டாம்.

பிள்ளை புரண்டது. அப்பாடா என்று குனிந்தான். மாரி, ஏ மாரி, எந்திரி தாயி. இமை பாதி திறந்தது. உள்ளே கண் இருந்தது, ஆனால் அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. ம் என்றாள். மறுபடி மூடிக்கொண்டது. தூக்கிவைத்து உட்கார வைத்தான். தலை நிற்கவில்லை, தோளில் வந்து விழுந்தது. இது தூக்கமா அது தூக்கமா. தூக்கக் கலக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் தலை நிற்காதுதான். காலையில் விளையாடும்போது வாசப்படியில் இடறி விழுந்தாளே, அது விளையாட்டா அல்லது தள்ளாட்டமா. செருப்பு பெரிசு, ஜெயராணி அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று பெரிசாக வாங்கியிருக்கிறாள், அதுதான் இடறியது. இல்லை, செருப்பு போட்டிருந்தாளா. செருப்பு கதவுக்குப் பின்னால் கிடக்கிறது. போட்டிருந்தால் எடுத்துத் தந்தவன் யார். யோசித்து யோசித்துப் பார்த்தான், அவள் காலில் செருப்பு வந்தது, போனது, வந்தது. எதையாவது தின்றிருப்பாளோ. கடலை? அவன் மேலிருந்து உதிர்ந்திருக்குமோ. பட்டறையில் கடலைத் தோல் எங்கே இல்லை, மடிப்பில், பையில், தலைமுடியில். ஒருமுறை அவன் வேட்டி மடிப்பிலிருந்து அரைக் கடலை ஒன்று விழுந்து, ஜெயராணி அதை ரெண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேளைப் பிடித்தவள் மாதிரி, அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். ஒரு கடலை என்ன செய்துவிடும். ஒரு கடலை ஒன்றும் செய்யாது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறாள். பிள்ளையின் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினான். சோற்றுப் பருக்கை ஒன்று கன்னத்து ஓரத்தில் மத்தியானத்திலிருந்து அப்படியே இருந்தது. முழுங்கவில்லை. துப்பவும் இல்லை. வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள். அந்தப் பருக்கையை விரல் நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூத்தவனுக்கும் பால் இப்படித்தான் கடைவாயில் தேங்கி நின்றது.

மூத்தவனுக்குப் பேர் வைக்கவில்லை. வைக்க நாள் பார்த்திருந்தார்கள், நாள் வருவதற்குள் போய்விட்டான். பிறந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தார்கள், பட்டறைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு. பார்க்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வாங்கி உச்சி மோந்தார்கள். ஏளா, இங்க பாரேன், பிள்ள பாகு மாதிரி மணக்கான் என்றாள் ஒருத்தி. ஆமாளா என்றாள் இன்னொருத்தி. தொழில்காரன் பிள்ளை அப்படித்தான் மணக்கும், வயித்துக்குள்ளேயே பழகிட்டு வந்திருக்கான் என்று சிரித்தார்கள். கை மாறிக் கை மாறி மோந்தார்கள். பட்டறை ஆட்கள்கூட எட்டிப் பார்த்து, என்ன மாஸ்டர், அடுத்த மாஸ்டர் ரெடியாயிட்டாரு போல என்றார்கள். அவனுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம். சிரித்தான்கூட. சிரித்ததுதான் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. யார் மேலே குற்றம். கரிக்கடைக்காரன் பிள்ளை பாகாய் மணந்தால் ஊரே பதறியிருக்கும், என்னமோ ஏதோ என்று தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும். பாகு காய்ச்சுகிற வீட்டில் பாகு மணந்தால் எவன் பதறுவான். பிள்ளை பால் குடிக்காமல் தூங்கியே கிடந்தது. நல்ல பிள்ளை, அழுகையே இல்லை என்றார்கள். அழாத பிள்ளையைப் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள், கை கால் வெட்டி இழுக்கிறவரைக்கும். பிறகு பொன்மாரி உண்டானபோதுதான் மதுரைக்குப் போய், பிறந்த கையோடு ரத்தம் எடுத்து, இதுதான் என்று பேர் தெரிந்தது. சொந்தத்துல கட்டினீங்களா என்று கேட்டாள் டாக்டரம்மா. மாமன் மகள் என்றான். உங்ககிட்ட பாதி, அவங்ககிட்ட பாதி, ரெண்டும் சேர்ந்திருச்சு, யாரும் வேணும்னு பண்ணலை என்றாள். வேணும்னு பண்ணினால் தேவலை, திட்டவாவது ஒரு ஆள் கிடைக்கும்.

கை நனைந்தது. பிள்ளை தூக்கத்திலேயே பெய்துவிட்டது. பகலில் அவள் பெய்வதில்லை, சொல்லிவிட்டுத்தான் போவாள், ஒரு வருஷம் ஆகிறது சொல்லப் பழகி. நனைந்த கீழாடையை உருவி எடுத்தான். கையில் சொதசொதவென்று இருந்தது. மூக்கோடு வைத்தான். இழுத்தான். மூத்திரம். வெறும் மூத்திரம், உப்பும் காரமுமாக. அதற்கு அடியில் ஏதாவது இருக்கிறதா. அடியில் அவனுக்குத் தெரியாதே. இன்னொரு தடவை இழுத்தான், ஜெயராணி மாதிரி கண்ணை மூடிக்கொண்டு. கண்ணை மூடினால் இருட்டுதான் தெரிந்தது. துணியோடு அடுப்படிக்குப் போனான். தேங்காயெண்ணெய்ப் புட்டியைத் திறந்து மோந்தான், தெரிந்தது. பூண்டு, தெரிந்தது. மண்ணெண்ணெய், தெரிந்தது. தீப்பெட்டி மருந்துகூடத் தெரிந்தது. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் அடையாளம் சொல்கிறது, கேட்ட ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது. மூஞ்சியிலேயே ஒரு குத்துவிடலாம் போல இருந்தது. திரும்பிவந்து பிள்ளைக்கு வேறு துணி மாட்டினான். கால் ரெண்டும் அவன் தூக்கின பக்கம் வந்தது, போட்ட பக்கம் கிடந்தது. மார்பு ஏறுகிறது, இறங்குகிறது. ஏறுகிறது. இறங்குகிறது. இறங்கினது ஏறக் கொஞ்சம் நேரம் ஆகிறதோ. இல்லை. ஏறிவிட்டது.

செல்போன் அடித்தது. ஜெயராணி. பின்னால் மேளம், ரேடியோசெட்டு, பெண்கள் சத்தம்.

"அத்தான், கேக்குதா? இங்க ஒரே சத்தமா இருக்கு. பிள்ள என்ன பண்ணுதா?"

"இருக்கா."

"இருக்கான்னா? எந்திரிச்சிட்டாளா?"

"எந்திரிச்சிட்டா. விளையாடுதா."

"சாப்பிட்டாளா? டாக்டரம்மா குடுத்த சத்துப் பவுடர் கலக்கிக் குடுத்தீகளா?"

"குடுத்தேன்."

"என்னைத் தேடலையா அவ?" அவள் குரலில் ஒரு சிரிப்பு. "அத்தான், அக்கா என்னைக் கட்டாயப்படுத்திப் பூ வச்சு விட்டுட்டா. வீட்டுக்கு வாரதுக்கு முந்தி எடுத்துருவேன், திட்டாதீக."

"வச்சுக்கோ."

"என்னது?"

"வச்சுக்கோன்னேன். வை போனை."

வைத்துவிட்டான். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராதவனுக்குப் பொய் மட்டும் வரிசையாக வந்தது. ஏன் சொல்லவில்லை. அவள் சிரித்தாள், அதனால் சொல்லவில்லை. நாலு வருஷம் கழித்துத் தலையில் பூ வைத்திருக்கிறாள், அதனால் சொல்லவில்லை. போன மாசியில் கோயில் கொடையின்போது இப்படித்தான், பிள்ளை தூங்குகிறாள் தூங்குகிறாள் என்று அவனே பதறிக் கூட்டிக்கொண்டு மதுரை வரைக்கும் ஓடி, ரத்தத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லி, அங்கே வார்டில் பிள்ளை எழுந்து கட்டிலுக்குக் கட்டில் ஓடி விளையாடி, இவன் அசடாக நின்றான். மச்சான்காரன் இன்றைக்கும் கேலி பண்ணுகிறான், என்ன மாப்ளே, இந்த வாரம் மதுரைக்குப் போகலையா, மீனாட்சி தேடுவாளேன்னு. அதனாலும் சொல்லவில்லை. ஆனால் டாக்டரம்மா அன்றைக்குச் சிரிக்கவில்லை. நூறு தடவை சும்மா வாங்க, நான் கோவிக்க மாட்டேன், ஒரு தடவை லேட்டா வந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது என்றாள். வாசம் வரட்டும்னும் உக்காந்திராதீங்க என்றாள். சொன்னாளா, அப்படிச் சொன்னாளா, அல்லது இப்போது தனக்கு வேண்டும் என்பதால் அவள் சொன்ன மாதிரி கேட்கிறதா. வாசம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். உடனே சர்க்கரைத் தண்ணீர், உடனே பக்கத்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ், உடனே மதுரை. வாசம் இல்லாவிட்டால் இது வெறும் சித்திரைத் தூக்கம், இவன் வெறும் பயந்தாங்கொள்ளி. நடுவே ஒரு மூக்கு வேண்டும். ஒரே ஒரு மூக்கு. ஊர் பூராவும் மூக்குதான் திரிகிறது, ஆளுக்கு ஒன்று, சளி சிந்துவதற்கு. பட்டறைக்குப் போன் போட்டுப் பிரயோசனமில்லை, அங்கே எல்லாம் இவன் மூக்குதான். தெருவில் யார். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் தையல்மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது. ரமீஜா அக்கா.

அங்கே எப்படிப் போவது. தையல்காரி, புருஷன் இல்லாதவள், வியாழக்கிழமை சாயந்தரமானால் வீடு பூராவும் சாம்பிராணி போடுவாள். அந்தப் புகை இந்தப்பக்கம் வந்து ஜெயராணியின் மூக்கைக் கெடுத்தது. ஜெயராணி மதில் மேல் எட்டி நின்று கத்தினாள். உன் மூக்குக்கு நான் பூட்டா போட முடியும், என் வீட்டுக்குள்ள நான் புகை போட ஒங்கிட்ட வந்து சீட்டு வாங்கணுமோ என்று அவள் திருப்பிக் கத்தினாள். ஆறு மாசமாகப் பேச்சில்லை. சாம்பிராணி மட்டும் நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அங்கே போய் என்ன கேட்பது. அக்கா, இந்த மூத்திரத் துணியைக் கொஞ்சம் மோந்து பாருங்க. உலகத்தில் எவனாவது எவளிடமாவது இப்படிக் கேட்டிருப்பானா. பிள்ளை மறுபடி ம் என்றது. இந்த ம் முந்தின ம்மை விடச் சின்னது. எழுந்துவிட்டான். செருப்புப் போடவில்லை. ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி அவள் கதவைத் தட்டினான்.

ரமீஜா கதவைத் திறந்தாள். வாயில் குண்டூசி. அவனைப் பார்த்தாள், கையில் இருப்பதைப் பார்த்தாள், ஊசியை எடுத்து முந்தானையில் குத்தினாள்.

"என்ன தம்பி, ஆறு மாசம் கழிச்சுச் சீர் கொண்டாந்திருக்கே?"

"அக்கா, இதை மோந்து பாருங்க."

"என்னது?"

"பிள்ளையோட துணி. மூத்திரம்." அதற்கு மேல் எப்படிச் சொல்வது. "பாகு வாசம் வருதான்னு சொல்லுங்க. எனக்குத் தெரியாது. அவ ஊர்ல இல்ல."

திட்டுவாள் என்று நின்றான். கதவைச் சாத்துவாள் என்று நின்றான். அவள் ஒன்றும் கேட்காமல் குனிந்தாள். மூக்கு கிட்டத்தில் வந்தது. ஒருமுறை இழுத்தாள். நெற்றி சுருங்கியது. இன்னொருமுறை இழுத்தாள். அவனுக்குக் காது அடைத்துக்கொண்டது. தெருவில் ஒரு மோட்டார்சைக்கிள் போனதைப் பார்த்தான், சத்தம் கேட்கவில்லை.

"பாகுதான்" என்றாள்.

வீட்டைப் பார்த்து ஓடத் திரும்பினான்.

"இரு தம்பி, இரு. எங்க ஓடுத." அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவன் கையை மோந்தாள், உள்ளங்கையை, பிறகு முழங்கை வரைக்கும். "அட அல்லா. ஒங்கைதான்யா மணக்குது. துணில இருந்து வருதா ஒன்கிட்ட இருந்து வருதா, எனக்கு எப்படித் தெரியும்? ஒன் மேல பூராவும் பாகு."

"குளிச்சேன் அக்கா. நேத்தும் குளிச்சேன், காலையிலயும் குளிச்சேன்."

"குளிச்சாப் போற வாசமா அது. தோலுக்குள்ள இருக்கு."

அவன் தன் கையையே பார்த்தான். இந்தக் கையால்தான் துணியை உருவினான், இந்தக் கையால்தான் அவள் வாயைத் துழாவினான், நெற்றியைத் தொட்டான், தூக்கி வைத்தான், தோளில் சாய்த்தான். காலையிலிருந்து அவள் மேல் எங்கெல்லாம் இந்தக் கை பட்டதோ அங்கெல்லாம் பாகு. ஜெயராணி தினமும் காலையில் இவன் தொடுவதற்கு முன்னால் ஏன் மோக்கிறாள் என்று இப்போது புரிந்தது. அவள் சொன்னதே இல்லை. அத்தான், நீங்க அந்தாண்ட போய் நில்லுங்க என்று மட்டும் சொல்வாள், விளையாட்டாக. தகப்பன் எட்டி நின்றால்தான் பிள்ளையின் வாசம் தெரியும். என்ன பிழைப்பு இது. அடுத்து என்ன செய்ய என்று அவனுக்கு ஓடவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், தோலை உரித்துப் போட்டால்கூட. ரமீஜா அவனைத் தாண்டி ஏற்கெனவே படியிறங்கியிருந்தாள்.

"பிள்ள எங்க கிடக்கு?"

"பாயில."

"நீ வெளியவே நில்லு. உள்ள வராத."

அவன் தன் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றான். அவள் உள்ளே போனாள், பைப்படியில் கை கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு பாய்க்குப் பக்கத்தில் மண்டி போட்டாள். இருட்டில் அவள் முதுகுதான் தெரிந்தது. இவன் தொட்டிராத இடம் எது என்று தேடுகிறாள் போலிருக்கிறது. வலது காதா, இடது காதா, எதைத் தொட்டோம். "கால் பக்கம்" என்று கத்தினான், "உள்ளங்கால் தொடலை அக்கா." இல்லை, துணி மாற்றும்போது தொட்டிருக்கிறான். "காதுக்குள்ள பாருங்க. காதுக்குள்ள." அவள் சுண்டுவிரலைப் பிள்ளையின் காதுக்குள் விட்டு எடுத்தாள். விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். எவ்வளவு நேரம். இல்லை என்று சொல்லிவிடு. சொல்லிவிடு, மச்சான் ஆயுசுக்கும் கேலி பண்ணட்டும். இல்லை என்று சொன்னால் நம்புவேனா, நம்பி மறுபடி அந்தப் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மார்பு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பேனா. அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது, அவள் இல்லை என்று சொன்னாலும் தான் போகத்தான் போகிறோம் என்று. மூக்கு என்ன மூக்கு. கன்னத்தில் ஒரு பருக்கை அப்படியே இருந்ததே, அது போதாதா. அதைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் என்ன பிடுங்கிக்கொண்டிருந்தோம். அவன் வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தபோது ரமீஜா திரும்பினாள்.

"இருக்குய்யா" என்றாள். "லேசா. ஆனா இருக்கு."

"சரி" என்றான்.

அதற்குப் பிறகு அவனுக்கு நினைப்பு எதுவும் ஓடவில்லை, கை மட்டும் ஓடியது. குளுக்கோஸ் மாவு எந்த டப்பா என்று கைக்குத் தெரிந்தது. தண்ணீரில் கொட்டிக் கலக்கினான். ரமீஜா தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிவந்தாள், முக்காடு கழுத்தில் கிடக்க. மதுரைக்குப் போன் போட்டான். டாக்டரம்மாவிடம், தூங்கிக்கிட்டே இருக்கா, சாப்பிடலை, காதுல வாசம் இருக்கு என்று சொன்னான். அவள் குளுக்கோஸ் குடுத்துக்கிட்டே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் அவங்ககிட்ட பேசறேன், அங்கிருந்து ஆம்புலன்ஸ்ல ஏத்துறாங்க, சீக்கிரம்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க என்றாள். சீக்கிரம் என்று சொன்னாளா என்று அவன் திரும்பக் கேட்கவில்லை. ஆட்டோவில் ரமீஜா பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். கயத்தாற்றுக்குப் போன் போட்டான். அந்தப்பக்கம் மேளம் இன்னும் நிற்கவில்லை.

"ஜெயா, மாரிக்கு ஏறிருச்சு. ஆட்டோல இருக்கோம். முன்னாடி நான் சொன்னது பொய்."

மேளச் சத்தத்தை விட்டு அவள் வெளியே வருவது கேட்டது. பிறகு, "மோந்து பாத்தது யாரு?"

"ரமீஜா அக்கா."

"போனை அக்காகிட்ட குடுங்க." ரமீஜா போனைக் காதில் வைத்தாள். கேட்டாள். "ம். ம். கரிஞ்ச பாகு இல்ல, பச்சப் பாகு. ஆமா. லேசாத்தான். கண்ணு முழிச்சு முழிச்சுத்தான் பாக்குறா. நீ அழாத பிள்ள, பஸ்ஸுக்கு நிக்காம கார் பிடிச்சு வா" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "உன்னைத் திட்டறதுக்கு அவளுக்கு இப்ப நேரம் இல்லையாம். அப்புறம் திட்டுவாளாம்."

ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. கேட்டு மூடியிருந்தது. ரயில் எங்கே என்று எட்டிப் பார்த்தான், தண்டவாளம் வெயிலில் நெளிந்தது, ரயிலைக் காணோம். கோபம் உக்கிரமாக வந்தது, கேட்டுக்காரன் மேல், ரயில் மேல், தண்டவாளம் போட்டவன் மேல். கரண்டியில் குளுக்கோஸ் தண்ணீரை எடுத்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தான். வழிந்து கழுத்தில் இறங்கியது. குடி தாயி. இன்னொரு கரண்டி. வழிந்தது. ரமீஜா தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். அவன் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, விரலைத் தண்ணீரில் முக்கி, மூடின பல்லுக்கு நடுவே அழுத்தி நாக்கில் தடவினான். நாக்கு அசைந்தது. மறுபடி முக்கித் தடவினான். நாக்கு விரலைச் சுற்றியது, சப்பியது. விடாமல் முக்கி முக்கி வைத்தான். பிள்ளையின் முகம் சுளித்தது, புருவம் கூடியது, யாரோ தூக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்கிற பழைய கோபம் அந்த முகத்தில் மெதுவாக ஏறியது. கை தூக்கி அவனைத் தள்ளப் பார்த்தாள், கை பாதியில் விழுந்தது. அப்புறம் பல்லைச் சேர்த்து அவன் விரலை நறுக்கென்று கடித்தாள். விரலை இழுத்துக்கொள்ளவில்லை. கொப்பரையில் வெந்து காய்ப்புப் பிடித்த அந்த விரலுக்கும் வலித்தது, நன்றாகவே வலித்தது.

"கடி" என்றான் சண்முகக்கனி. "இன்னும் நல்லாக் கடி தாயி."